தேங்காய் எண்ணெய் ஸ்க்ரப் வெயிலில் பிரிகிறது: என்ன சேர்க்கலாம்?

பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில், சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு பெரியவர்களோடு அமர்ந்து, உடலில் தேய்த்துக் குளிக்கும் ஸ்க்ரப்பைக் கைவேலையாகச் செய்துவருகிறோம். 2 பங்கு சீனி, 1 பங்கு தேங்காய் எண்ணெய், சிறிது கஸ்தூரி மஞ்சள் என்பதே எங்கள் அளவு. மார்கழியில் குழைவாக நின்ற கலவை, பங்குனி பிறந்தது முதல், டப்பாவில் அடைத்த இரண்டே நாளில் பிரிந்து, எண்ணெய் மேலே மிதக்கிறது. சீனி அடியில் கெட்டியாகப் படிந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், வெயிலே காரணம் என்று கருதுகிறேன்.

எண்ணெயைப் பாதியாகக் குறைத்தபோது கலவை உதிர்ந்தது. தேன்மெழுகு சேர்த்தபோது பிரியவில்லை. ஆனால் மூட்டுவலியுள்ள விரல்களால் அதைக் கிண்ட முடியவில்லை. கிண்டுவதும், முகர்ந்து பார்ப்பதும், அந்த வாசனையில் தங்கள் தாயார் தேய்த்துவிட்ட எண்ணெய்க் குளியலை நினைவுகூர்வதுமே அவர்களுக்கு இதில் மகிழ்ச்சி என்பதால், அந்த வேலையை நானே செய்துகொடுக்க மனம் வரவில்லை. சீனிக்குப் பதிலாகப் பச்சைப்பயறு மாவு சேர்த்தது அவர்களின் மெல்லிய தோலுக்கு இதமாக இருந்தது. எண்ணெய் அப்போதும் கசிந்தது. அங்குள்ள குளிர்சாதனப் பெட்டி மருந்துகளுக்கு மட்டுமே.

அடுப்பின்றி, நடுங்கும் கைகளாலும் கலக்கக்கூடியதாக, சித்திரை வெயிலிலும் ஒரு வாரம் பிரியாமல் நிற்க, தேங்காய் எண்ணெயோடு எதை, எந்த அளவில் சேர்க்க வேண்டும்?