புதுப்பிப்பு: எஸ்பிரெசோ மெஷின் சூடானதும் ஆர்சிசிபி ட்ரிப் ஆன பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பிரச்சினை இதுதான்: மெஷின் ஆன் ஆகும், பாய்லர் சூடேறும், சில நிமிடங்களில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும்.

கோளாறு ஹீட்டர் காயிலில்தான். பம்ப், சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) இரண்டையும் தனித்தனியே கழற்றிப் பார்த்தும் ட்ரிப் நிற்கவில்லை. ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றியதும் நின்றது. ஆனால் மல்டிமீட்டரில் காயில் 44 ஓம் காட்டியது. 230 வோல்ட், 1200 வாட் காயிலுக்கு அது சரியான அளவு. காயிலுக்கும் பாய்லர் உடம்புக்கும் இடையே கசிவு எதுவும் தெரியவில்லை. மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும், மெகர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் பாருங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் விடை தந்தது. காயிலுக்கும் பாய்லர் உடம்புக்கும் இடையே இன்சுலேஷன் ஆறிய நிலையிலேயே 1 மெகாஓமுக்குக் கீழே, சூடாக இருக்கும்போது இன்னும் மோசம்.

எதிர்பாராதது ஒன்று: தெர்மோஸ்டாட் கட் ஆகி ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகும் சில முறை ட்ரிப் ஆனது. அதனால்தான் முதலில் ஹீட்டர் மேல் சந்தேகமே வரவில்லை. இந்த மெஷினில் தெர்மோஸ்டாட் நியூட்ரல் பக்கத்தை மட்டும் துண்டிக்கிறது. பேஸ் (லைவ் வயர்) இணைப்பு எப்போதும் காயிலில் இருக்கும், கசிவும் தொடரும்.

புது காயில், புது கேஸ்கெட் போட்டாயிற்று. அப்புறம் எர்த் தொடர்ச்சியையும் சரிபார்த்தேன். இப்போது ட்ரிப் இல்லை. இதே கோளாறு உள்ளவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஆர்சிசிபியைத் தவிர்த்து ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.