மூட்டுவலி மாத்திரை: கிரியேட்டினின் நார்மல் என்றால் போதுமா?

முத்துவேல்:
டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரை என்றாலே "கிட்னி போச்சு" என்று பயமுறுத்துகிறார்கள். கிரியேட்டினின் (தசையில் ஊறி, கிட்னி வெளியேற்றும் கழிவு) ரத்தத்தில் 1.1 இருந்தால் என்ன பயம்? வலியோடு முடங்கிக் கிடந்தால் மூட்டும் இறுகும், தசையும் கரையும்.

செந்தாமரை:
அந்த 1.1 யாருடையது? 30 வயது ஆணென்றால் இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, 90-க்கு மேல். 72 வயதுப் பெண்ணென்றால் ஏறக்குறைய 53தான். தசை வற்றியவர்களுக்குக் கிரியேட்டினின் ஊறுவதே குறைவு, அதனால் உண்மை நிலை இன்னும் கீழே இருக்கலாம்.

முத்துவேல்:
அப்படிப்பட்டவர்களுக்குத்தான் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் என்று வேறு வகை வலி மாத்திரை இருக்கிறதே.

செந்தாமரை:
அவை வயிற்றுக்குத்தான் பாதுகாப்பு, கிட்னிக்கு இல்லை. உடலில் நீர் குறையும்போது கிட்னியின் வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை, உடலே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் விரித்து வைக்கிறது. இந்த மாத்திரைகள் எல்லாமே அதைத் தடுக்கும். கூடவே டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரை, வெளியேறும் குழாயைத் தளர்த்திவிடும். நீர் பிரிய மாத்திரையும் சேர்ந்தால் உள்ளே வரும் ரத்தமே குறைவு. இந்த மூன்றையும் சாப்பிடுகிறவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலே போதும், கிரியேட்டினின் ஏறிவிடும்.

அன்வர்:
முடக்குவாதக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூட்டு வீக்கத்தை அடக்க வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மருந்து பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். கிட்னி மந்தமானால் அது உடம்பிலேயே தேங்கி வாய்ப்புண் வரும், வெள்ளை அணுக்கள் குறையும். வாய்ப்புண்ணைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டி ரத்தம் பாருங்கள்.

முத்துவேல்:
மூன்று மாத்திரை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு மெத்தோட்ரெக்சேட்டையே நிறுத்திவிடுவார்கள், அதுதான் என் கவலை. அடக்காமல் விட்ட வீக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அமிலாய்டு என்ற புரதம் படிந்து அதே கிட்னியைக் கெடுக்கும். முழங்கால், விரல் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாமே? மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது சுமார் 6 சதவீதம்தான்.

செந்தாமரை:
ஜெல் சரி, நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். மெத்தோட்ரெக்சேட்டை யாரும் தானாக நிறுத்தவும் கூடாது. மாத்திரைதான் வேண்டுமென்றால் தொடங்குமுன் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் பாருங்கள். ஆபத்து உள்ளவர்கள் ஓரிரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே என்றால் தொடவே கூடாது. வாந்தி, பேதி நாளில் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, மற்ற மாத்திரைகளை என்ன செய்வதென்று டாக்டரிடம் கேளுங்கள். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் சில நாள், சில வாரத்தில் கிட்னி மீளும்.

அன்வர்:
அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். பாரசிட்டமால் என்று நினைத்து வாங்குவதில், அடுத்த வரியில் பொடி எழுத்தில் அசிக்ளோஃபெனாக் இருக்கும், அதுவும் இதே வகை வலி மருந்துதான்.