பண்டிகை முடிந்து வீடு காலியான பிறகு வரும் அந்த இருட்டு: உங்களுக்கு எப்படி?

வடலி, ஸ்காபரோ:
ஜனவரி முதல் திங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த நாள். அதற்கு முந்தின இரண்டு கிழமையும் வீடு நிறைய ஆட்கள், மொன்றியலில் இருந்து அக்கா குடும்பம் வந்து நின்றது, ஹோலில் பாய் போட்டுப் படுக்கிற அளவுக்கு. ஞாயிறு மத்தியானம் எல்லோரும் வெளிக்கிட்டுவிட்டார்கள். மறுநாள் வேலை முடிந்து ஐந்து மணிபோல வந்து காரைக் கராஜுக்குள் விட்டு நிறுத்தினேன். உள்ளே போகிற கதவு ஆறு அடி தூரம். போக முடியவில்லை. கராஜ் விளக்கு ஆள் அசைந்தால்தான் எரியும், அது தானாக அணைந்துவிட்டது. மகன் கதவைத் திறந்தபோது திரும்ப எரிந்தது. "அப்பா, எப்ப வந்தனீங்கள்?" என்றான். நேரம் ஐந்து ஐம்பது. அழவில்லை, எதையும் யோசித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. பதினொரு வருஷமாகக் கனடாவில் இருக்கிறேன், டிசம்பரிலும் இதே இருட்டுத்தான், அப்போது ஒன்றும் செய்யவில்லையே. ஜனவரியில் மட்டும் ஏன்? அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசிபெஞ்ச், அபர்டீன்:
அண்ணா, படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மதுரை, இங்கே ஸ்காட்லாந்தில் முதுகலை முதல் வருஷம். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு ஜனவரி 8 திரும்பினேன். ஒரு வாரம் வகுப்பு, சாப்பாடு, தூக்கம் எதுவும் ஒழுங்காக இல்லை. பொங்கலன்று அம்மா ஏழு மணிக்கு வீடியோ கால் போட்டாங்க, இங்கே ராத்திரி ஒன்றரை. வாசலில் பானை பொங்கி முடிந்திருந்தது. "சூரியனைக் கும்பிட்டுக்கோ" என்று சொல்லி போனை அப்படியே கிழக்கே திருப்பினாங்க. திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. லைட் போடாமல் உட்கார்ந்திருந்த என் அறையின் சுவர் முழுக்க அந்த வெளிச்சம். கும்பிட்டேன். கால் முடிந்ததும் சுவர் பழையபடி கறுத்துப்போனது, அந்த ஒரு நொடியைத்தான் மறக்கவே முடியவில்லை. அதற்கப்புறம் விடிய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

காவிரிக்கரை, எட்மண்டன்:
எனக்கும் இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று, ஆபீஸ் படிக்கட்டில் நின்று அழுதிருக்கிறேன். சரி, அதை விடுங்கள். வடலி கேட்ட "ஜனவரியில் ஏன்" என்பதற்கு ஒரு பதில் உண்டு. டிசம்பர் 21-தான் குறுகிய பகல், ஆனால் காலை விடிவது அன்றோடு முன்னால் வரத் தொடங்குவதில்லை. உங்கள் டொராண்டோவில் ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் இன்னும் தாமதமாகத்தான் எழும், ஏழே முக்காலைத் தாண்டித்தான் உதயம். நம் உடம்புக் கடிகாரத்தைச் சரிசெய்வது காலை வெளிச்சம். லீவில் இரண்டு வாரம் பிந்தித் தூங்கிப் பிந்தி எழுந்து அந்தக் கடிகாரத்தைப் பிந்த வைத்துவிட்டு, வருஷத்திலேயே இருட்டான காலைகளில் ஆறு மணி அலாரம் வைக்கிறோம். உடம்புக்கு அது நடுராத்திரிதான்.

செய்ய வேண்டியது: 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று போட்ட, புற ஊதாக் கதிரை வடிகட்டும் விளக்குப் பெட்டி ஒன்று வாங்குங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம், முகத்திலிருந்து ஒன்றரை அடி இரண்டடி தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம், காபி குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம். சாயங்காலம் போடாதீர்கள், தூக்கம் கெடும். கண் நோய் இருப்பவர்களும், இருதுருவ மனநோய் (பைபோலார்) இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. விட்டமின் டி இதில் கிடைக்காது, அது தனி. பெட்டி வாங்க முடியாவிட்டால் மத்தியானம் வெளியே நடங்கள், மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும், வீட்டுக்குள் சில நூறுதான். அபர்டீன் தங்கச்சிக்கும் சொல்கிறேன், மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடும்மா. உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால் கனடாவில் 988, எந்த நேரமும் கூப்பிடலாம்.

ஆனைக்கோட்டையாள், ட்ரொம்சோ:
எட்மண்டன் அண்ணா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் எல்லாம் வெளிச்சம்தான் என்றால் நாங்கள் ஒருவரும் தப்பியிருக்க முடியாது. அப்பா எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கே பின்மார்க் மீன் தொழிற்சாலைக்கு வந்தவர், நான் அங்கேயே வளர்ந்தவள். இங்கே ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை எழும்பாது, மலை மறைப்பதால் ஊருக்குள் தெரிய 21 ஆகிவிடும். டிசம்பரில் எனக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஜன்னலிலும் நட்சத்திர விளக்கு தொங்கும். ஜனவரி 13, இவர்களுக்கு நத்தாரின் இருபதாம் நாள், அன்றோடு கழற்றிவிடுவார்கள். ஒருமுறை இரவு வேலை முடிந்து வருகிறேன், முதல்நாள் வரை எரிந்த என் தெரு முழுக்க வெறும் கண்ணாடி. எதிர்வீட்டு மனுசி மட்டும் கதிரையில் ஏறி நின்று கடைசி நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தா. "அதைக் கழற்றாதீங்கோ" என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஆட்கள் போனால், ஆட்கள் வைத்த விளக்கு போனால்தான் இருட்டு.

அபர்டீன் தங்கச்சி, எங்கட அம்மா 14ஆம் திகதி சூரியன் இல்லாமல் பொங்குவா, 21ஆம் திகதி அது மலைக்கு மேல் தலைகாட்டும்போது இன்னொருக்கா பொங்குவா. அன்றைக்கு ஊரே சூரிய பன் சாப்பிடும். நீங்களும் ஒரு வெயில் நாள் பார்த்துத் திரும்பப் பொங்குங்கோ.

பழையவன், ஸ்காபரோ:
தம்பிமார் கோபிக்கக் கூடாது. நான் 1989-ல் வந்தவன். இரண்டு வேலை, பஸ்ஸில் போக்குவரத்து, ஒரு பேஸ்மெண்டில் ஏழு பேர். எங்களுக்குக் கவலைப்பட நேரமே இருக்கவில்லை. விளக்குப் பெட்டி வாங்கி யார் முன்னால் இருந்தது? இதையெல்லாம் நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகளும் அப்படியே பழகும் என்றுதான் எழுத வந்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். அந்த ஏழு பேரில் ஒருவன், சாவகச்சேரிப் பக்கம். புதுவருஷத்துக்குப் பிறகு வேலைக்குப் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தான். பேஸ்மெண்டில் ஒரே ஒரு ஜன்னல், அதையும் பனி மூடியிருந்தது. சோம்பேறி என்று எல்லோரும் பேசினோம், நான்தான் அதிகம். ஒருநாள் போர்வையை இழுத்து எறிந்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழும்பி, போர்வையை எடுத்து நாலாக மடித்து என் கையில் தந்தான். மாசிக்குள் அறையை விட்டுப் போய்விட்டான். அந்த மடிப்பு இப்போதும் கைக்குத் தெரிகிறது.

காவிரிக்கரை, எட்மண்டன்:
ஐயா, இதைப் பருவகால மனச்சோர்வு என்று 1984-ல் பெயரிட்டு எழுதிய ரோசென்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வந்த மருத்துவர். வெயில் நாட்டிலிருந்து வந்தவர், முதல் குளிர்காலங்களில் தனக்கே நடந்ததைப் பார்த்துத்தான் தேடத் தொடங்கினார். நீங்கள் சொன்னவருக்கும் அதுவாகவே இருந்திருக்கலாம். அன்றைக்கு உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது, உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

வடலி, ஸ்காபரோ:
எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் கராஜ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், குடும்ப டாக்டரிடமும் நேரம் எடுத்திருக்கிறேன். நேற்று மகன் கராஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான், "இப்ப வந்தனான்" என்று நான் முதலே சொன்னேன்.

பழையவன் அண்ணை, போர்வையை மடித்துத் தந்தவர் இப்போது எங்கே என்று தெரியுமா?

பழையவன், ஸ்காபரோ:
வின்ட்சரில் இருக்கிறார் என்று கேள்வி. நம்பர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.