நாலு மூடிக்காக மெஷினை நிறுத்திய இரவு

பிளாஸ்டிக் மூடி வார்க்கும் பிரிவில் நான் தரக்கட்டுப்பாடு பார்த்த காலத்தில் நடந்தது. ஷிஃப்டுக்கு 200 மூடி எடுத்துப் பார்ப்போம். விளிம்பு நெளிந்திருந்தாலும், பிசிறு தள்ளியிருந்தாலும், நிறம் மாறியிருந்தாலும் அந்த மூடி ரிஜெக்ட். சராசரி 3 சதவீதம். ஒவ்வொரு மாதிரியின் ரிஜெக்ட் விகிதத்தையும் புள்ளியாக வைத்து, இயல்பான ஏற்ற இறக்கத்தின் எல்லைகளைக் கோடாகப் போடும் வரைபடம்தான் பி சார்ட். அதில் மேல் எல்லை 6.6 சதவீதம். கீழ் எல்லை கணக்கில் மைனஸில் வரும், அதனால் பூஜ்யம்.

ஒரு நைட் ஷிஃப்டில் ஆள் பற்றாக்குறை. 50 மூடிதான் பார்க்க முடிந்தது. அதில் நாலு ரிஜெக்ட், அதாவது 8 சதவீதம். புள்ளி கோட்டுக்கு மேலே போனதும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "மெஷின் நல்லாத்தான் ஓடுது சார், இப்பக் கை வைக்க வேண்டாம்" என்றார் ஆபரேட்டர். நான் கேட்கவில்லை. அழுத்தத்தைக் கூட்டினோம். விடிய விடியப் பிசிறோடுதான் மூடி வந்தது.

காலையில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். சராசரியை (3 சதவீதம் என்றால் 0.03) ஒன்றிலிருந்து கழித்து, வந்ததைச் சராசரியால் பெருக்கி, மாதிரி எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதை மூன்று மடங்காக்கிச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை. மாதிரி 50 என்றால் அது 10.2 சதவீதம். என் 8 உள்ளேதான் இருந்திருக்கிறது! 200க்குப் போட்ட கோட்டில் 50க்கான புள்ளியை வைத்தது என் தவறு. இயல்பான ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் மெஷினில் கை வைக்காமல் இருக்கத்தானே இந்தச் சார்ட்டே வந்தது? 1924 மே மாதம் இந்தச் சார்ட் முறையை உருவாக்கிய அமெரிக்கர் வால்டர் ஷூஹார்ட் வரைந்து காட்டிய முதல் சார்ட்டும் இதே குறைபாட்டு விகிதத்துக்கானதுதான்.

இப்போதெல்லாம் மாதிரி மாறினால் அந்தப் புள்ளிக்கென்று தனி எல்லை போடுகிறேன். கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும், பரவாயில்லை. விகிதத்துக்குப் பதில் ரிஜெக்ட் எண்ணிக்கையையே குறிக்கும் என்பி சார்ட் போடுகிறவர்கள் மாதிரி எண்ணிக்கையை மாற்றவே வேண்டாம்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

---

எனக்குக் கீழ் எல்லையில் நடந்தது சார். கண்ணாடிக் குப்பி, மாதிரி 400, சராசரி அதே 3 சதவீதம். மாதிரி பெரிது என்பதால் கீழ் எல்லை பூஜ்யத்துக்கு மேலேயே வரும்: 0.44 சதவீதம், குப்பிக் கணக்கில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாள் ஒரே ஒரு ரிஜெக்ட்தான். அடுத்த ஷிஃப்டிலும் ஒன்றுதான். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சோதனை மேசைக்குப் போய்ப் பார்த்தால், மேலே இருந்த இரண்டு டியூப்லைட்டில் ஒன்று எரியவில்லை. கழுத்துப் பக்கம் வரும் மயிரிழை விரிசல், குப்பியைச் சாய்த்து நல்ல வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணில் படும். லைட்டை மாற்றி, கடைசி ஷிஃப்டின் 400 குப்பியையும் மறுபடி பார்த்தோம். பதினொன்று.