எட்டே சீசன் ஆடிய மாயா மூர், எல்லாக் காலத்துக்கும் சிறந்தவரா?

பாலா_மதுரை:
2025-ல் மாயா மூர் கூடைப்பந்து மேதைகளைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்ததிலிருந்து, பெண்கள் கூடைப்பந்தில் அவரை மிஞ்ச ஆளே இல்லை என்று இங்கே ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் டபிள்யூ.என்.பி.ஏ.வில் (அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்) அவர் ஆடியது 2011 முதல் 2018 வரை, எட்டே சீசன். டயானா டாராசி இருபது சீசன் ஆடி, பத்தாயிரம் புள்ளிகளைத் தாண்டி, ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். வேகம் குறைந்த பிறகு, தன்னைவிடப் பத்து பதினைந்து வயது சின்னப் பெண்கள் எதிரே நிற்கும்போது ஒருவர் எப்படி ஆடினார் என்பதும் கணக்கில் வர வேண்டாமா? மூர் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. 29 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே, தன் மினசோட்டா லின்க்ஸ் அணியைக் கைவிட்டுப் போனவர்.

கடைசிநொடி:
பாலா, அந்த எட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். எட்டு சீசனில் ஆறு முறை ஃபைனல், அதில் நான்கு கோப்பை (2011, 2013, 2015, 2017). 2014-ல் எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த வீராங்கனை விருது. அதற்கு முன்னால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம், 150 வெற்றி, வெறும் 4 தோல்வி. இரண்டு ஒலிம்பிக் தங்கமும் உண்டு.

2015 ஃபைனலின் மூன்றாவது ஆட்டத்தை முடிந்தால் இன்னொரு முறை பாருங்கள். எதிரணி இண்டியானாவின் சொந்த மைதானம், தொடர் 1-1, ஸ்கோர் 77-77, பாக்கி 1.7 நொடி. இந்த நேரத்தில் யாராக இருந்தாலும் பந்து கைக்கு வந்ததும் எறிந்துவிடுவார்கள். மூர் பந்தைப் பிடித்து, எறிவதுபோல் ஒரு பாவனை காட்டி, தடுக்க வந்தவரைக் குதிக்கவிட்டு, பந்தை ஒரே ஒரு முறை தரையில் தட்டி, அப்புறம்தான் மூன்று புள்ளிக்கு எறிகிறார். நேரம் முடிந்ததைக் காட்டும் விளக்கு எரியும்போது பந்து காற்றில் இருக்கிறது. 80-77. எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

பாலா_மதுரை:
அந்த எறிதலை நானும் நூறு தடவை பார்த்திருப்பேன். மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அதே 2014-ல் மேற்குப் பிரிவு இறுதியில் லின்க்ஸைத் தோற்கடித்தது டாராசியின் ஃபீனிக்ஸ்தானே? இன்னொன்று, மூர் போன பிறகு என்ன நடந்தது? அவருடைய சக வீராங்கனைகளில், 2019-க்குள் வேலன் ஓய்வு பெற்றாயிற்று, அகஸ்டஸுக்கும் பிரன்சனுக்கும் காயம், பழைய ஐவரில் முழுசாக நின்றது சில்வியா ஃபௌல்ஸ் மட்டும். பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியே. 2017-க்குப் பிறகு அந்த ஊருக்கு இன்னும் கோப்பை வரவில்லை.

சுமதி_கே:
நான் கல்லூரி வரை ஆடியவள், இப்போது பள்ளியில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தம்பி பாலா சீசன் எண்ணும் முறையே எனக்குச் சரியாகப் படவில்லை. அப்போதெல்லாம் டபிள்யூ.என்.பி.ஏ.வில் உச்ச சம்பளமே வருடத்துக்கு 1.2 லட்சம் டாலருக்கும் குறைவு. அதனால் கோடையில் அமெரிக்கா, குளிர்காலத்தில் ஸ்பெயின், சீனா, ரஷ்யா என்று வருடம் முழுக்க ஆடினார்கள். மூர் ஸ்பெயினில் ஆடி ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோலீக் கோப்பையும் சீனாவில் ஷான்ஷி அணிக்குத் தொடர்ந்து மூன்று பட்டமும் வாங்கியவர். அந்த மாதங்களை உங்கள் எட்டில் எங்கே சேர்த்தீர்கள்? டாராசியே 2015 சீசன் முழுக்க ஆடவில்லை, ஏன் தெரியுமா, ஓய்வெடுக்கச் சொல்லி ரஷ்ய கிளப் காசு கொடுத்தது.

சிமெண்ட் தரையில் நாலு வருடம் குதித்ததற்கே என் வலது முட்டி இன்றும் மாடிப்படி இறங்கும்போது சத்தம் போடுகிறது. ஓய்வில்லாமல் ஆடுவது உடம்பை என்ன செய்யும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

"கைவிட்டு" என்ற வார்த்தைதான் எனக்கு வலிக்கிறது. அவர் எதற்காகப் போனார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

பாலா_மதுரை:
அக்கா, செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஜோனதன் அயர்ன்ஸை மீட்கத்தான் போனார், அந்த விஷயம் எனக்கும் தெரியும். நல்ல காரியம். ஆனால் வழக்கை நடத்தியது வக்கீல்கள். ஆடிக்கொண்டே உதவியிருக்க முடியாதா?

மணிமேகலை:
இதில் பாலா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. லின்க்ஸ் பெண்கள் 2016-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடுகளைக் கண்டித்து வாசகம் அச்சிட்ட சட்டை அணிந்து வந்தபோது, மைதானப் பாதுகாப்புக்கு வந்த நான்கு போலீஸ்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூரும் அந்த வரிசையில் நின்றார், நின்றுவிட்டு ஆடவும் செய்தார். 2020-ல் அட்லாண்டா ட்ரீம் வீராங்கனைகள் தங்கள் அணியின் இணை உரிமையாளரான செனட்டர் லோஃப்லரை எதிர்த்து, அவருக்குப் போட்டியாக நின்ற வார்னாக்குக்கு வாக்குக் கேட்டுச் சட்டை போட்டார்கள். வார்னாக் ஜெயித்தார். ஆட்டத்தை விடாமலே செய்த காரியங்கள்தான் இவை.

சுமதி_கே:
மணிமேகலை, சட்டை போடுவதும் ஒரு மனிதரைச் சிறையிலிருந்து மீட்பதும் ஒன்றாகுமா? அயர்ன்ஸுக்கு 16 வயதில், ஒரு வீட்டில் நடந்த திருட்டு, துப்பாக்கிச் சூடு சம்பவத்துக்கு 50 வருடத் தண்டனை. அவரைக் குற்றத்தோடு சேர்க்கும் ரேகையோ ரத்தமோ எதுவும் இல்லை. அந்த வீட்டுக் கதவில் கிடைத்த கைரேகை அவருடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை என்ற அறிக்கை, அவருடைய வக்கீல் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. மூர் அவரை முதலில் சந்தித்தது 2007-ல், கல்லூரிக்குப் போகும் முன்னால், சிறை ஊழியம் செய்த தன் குடும்பத்தார் மூலமாக. அதாவது பன்னிரண்டு வருடம் ஆடிக்கொண்டேதான் உதவினார், அது போதவில்லை என்று தெரிந்த பிறகுதான் 2019-ல் நிறுத்தினார். 2020 மார்ச்சில் தீர்ப்பு ரத்தானது, ஜூலை 1-ல் அயர்ன்ஸ் வெளியே வந்தார். அந்தச் சிறை இருப்பது ஜெஃபர்சன் சிட்டி, மூர் பிறந்த ஊர். அயர்ன்ஸ் நடந்து வருவதைப் பார்த்ததும் மூர் முழங்காலிட்டு விழுந்த காட்சியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் சமைக்க முடியவில்லை.

கடைசிநொடி:
ஃபார்மில் இருக்கும்போது விட்டார் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கோ விட்டது எவ்வளவு பெரியது என்பதே அதில்தான் தெரிகிறது. லின்க்ஸ் நிர்வாகமே 2024 ஆகஸ்டில் அவருடைய 23-ஆம் எண்ணை இனி யாருக்கும் தராமல், கௌரவமாக மைதானக் கூரைக்கு ஏற்றிவிட்டது. மனக்கசப்பு இருந்தால் செய்வார்களா?

பாலா_மதுரை:
சரி அக்கா, "கைவிட்டு" என்று எழுதியது தப்பு, எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வருடக் கணக்கை நான் யோசிக்கவில்லை. ஆனால் பட்டியலில் டாராசிதான் முதலிடம், மூர் மூன்றாவது, அதை மாற்ற மாட்டேன். நல்ல மனிதர் என்பதற்காக ஆட்டத்தில் புள்ளி கூட்டிப் போட முடியாது. 2014 பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கடைசிநொடி:
2014-ல் அந்த ஃபீனிக்ஸ் 29 வெற்றி, 5 தோல்வி. கூடைக்கு அடியில் நெடிய பிரிட்னி கிரைனர் நின்றார். அவர்களையே மூன்றாவது, கடைசி ஆட்டம் வரை இழுத்தவர்கள் லின்க்ஸ். அதே வருடம் அட்லாண்டாவுக்கு எதிராக இரண்டு ஓவர்டைம் போன ஆட்டத்தில் மூர் 48 புள்ளி. மூன்றாவது இடமா? அப்படியானால் இரண்டாவது யார், அதை முதலில் எழுதுங்கள்.