காளவாய்க்காரர் மகள் கேட்ட கேள்வி

வேதிவினையில் மொத்த எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்னும் பொருண்மை அழியா விதியை நடத்தும்போது மாணவர்கள் தலையாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். கடலோரப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தபோது ஒரு மாணவி அப்படி விடவில்லை. அவள் வீட்டில் கிளிஞ்சல் சுடும் காளவாய் இருந்தது. "சார், காளவாயில போடுற எடை சுண்ணாம்பா எடுக்கிறப்ப வராது. பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தேறும். அப்ப எடை குறையுதுல்ல?" என்றாள்.

நான் கேட்டதிலேயே சிறந்த கேள்வி அது. கிளிஞ்சலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதில் 100 கிராம் முழுதாகச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிராம் கரியமில வாயுவாகப் புகையோடு போய்விடும். போனதை யாரும் தராசில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

கணக்கு அவளுக்குப் புரிந்தது, ஆனால் வாயுவுக்கு எடை உண்டு என்பதை நம்பத்தான் மனம் வரவில்லை. அதனால் போன வாயு திரும்பி வருவதைக் காட்ட நினைத்தேன். 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகும். அது காற்றிலிருந்து 44 கிராம் கரியமில வாயுவை எடுத்து, அந்த 18 கிராம் நீரை விட்டுவிட்டால், பழைய 100 கிராம் வந்துவிடும். வெள்ளையடித்த சுவர் இறுகுவது இப்படித்தான்.

கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்பில் அமிலம் பட்டால் அந்த வாயு நுரைத்து வெளியேறும். புதிதாக நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டோம். நுரை இல்லை. மீதியை லேசாக ஈரம் தெளித்துத் தட்டில் மெல்லப் பரப்பிப் பல வாரம் திறந்து வைத்தோம். பிறகு அதே அமிலத்தை விட்டதும் பொங்கியது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இதே சுற்றை வேதியியலாளர் ஜோசப் பிளாக் ஸ்காட்லாந்தில் தராசை வைத்தே செய்து 1756-இல் வெளியிட்டார். சுண்ணக்கட்டியைச் சுட்டு, இழந்த வாயுவை, அதே வாயு அடங்கிய காரத்திலிருந்து திரும்பக் கொடுத்து, கிட்டத்தட்ட பழைய எடையையே பெற்றார். பாடப்புத்தகம் இந்த விதிக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியரின் பெயரைச் சொல்கிறது, அது சரிதான். அவர் 1789-இல் தன் நூலில் இதை விதியாகவே எழுதினார். ஆனாலும் சுண்ணாம்பு தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிளாக்கைத்தான் முதலில் சொல்லுவேன்.

செய்து பார்க்கிறவர்கள் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.