தீபாவளிக்கு இனிப்புக்கடை விளம்பரமாக ஒரு காதல் பாட்டு அனிமேஷன்: சரிப்படுமா?

திருப்பாதிரிப்புலியூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு இனிப்புக்கடை இருக்கிறது, தாத்தா காலத்துக் கடை. ஒவ்வொரு தீபாவளிக்கும் லோக்கல் கேபிளில் ஒரே மாதிரி விளம்பரம்தான்: தட்டுத் தட்டாக ஸ்வீட், மேலே ஒரு குரல், கடைசியில் போன் நம்பர். இந்த வருடம் அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. 2018இல் ஜப்பானில் லோட்டே கம்பெனி தன்னுடைய 70ஆவது ஆண்டுக்காக ஒரு அனிமேஷன் பாட்டு வெளியிட்டது, பம்ப் ஆஃப் சிக்கன் என்ற இசைக்குழுவின் பாட்டு, போன்ஸ் ஸ்டுடியோ செய்தது. ஒரு பெண், ஒரு பையன், நெஞ்சு படபடக்கிற மாதிரி ஒரு காதல். வாங்குங்கள் என்று யாரும் கேட்கவே இல்லை, ஆனாலும் பார்த்து முடித்ததும் நான் எழுந்து போய் டப்பாவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

என் மனதில் உள்ள கதை: கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய டவுன்) தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண், மஞ்சக்குப்பத்தில் ஏறுகிற ஒரு பையன், ஒரே பஸ். ஒருநாள் அவள் ஸ்வீட் பெட்டியை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறாள், உள்ளே எங்கள் கடைப் பால்கோவா. அப்புறம் ஒரு வாரம் அவள் வரவே இல்லை. பையன் பெட்டியைப் பிரிக்காமல் தினமும் எடுத்துக்கொண்டு வருகிறான். கிலோ என்ன விலை என்று போடாமல் காதல் கதை போட்டால் யார் வருவார்கள் என்கிறார் அண்ணன். 90 நொடிக்குள் முடிக்க முடியுமா, ஸ்வீட்டை எவ்வளவு காட்ட வேண்டும், எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டைப் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டுக்காரன் (புதுச்சேரி):

நல்ல யோசனை, தயவுசெய்து கைவிடாதீர்கள். நீங்கள் சொன்ன வீடியோவின் இயக்குநர் ரியே மட்சுமோட்டோ, 2020இல் அதே குழுவின் பாட்டுக்கு போகிமான் வீடியோ செய்தவரும் அவர்தான். இரண்டிலும் கவனித்துப் பாருங்கள், படம் பாட்டின் தாளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால் முதலில் பாட்டு, அப்புறம்தான் படம். சினிமா கணக்குக்கு நொடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம். 90 நொடிக்கு 1080 படம், அதுவும் ஒரே ஒரு ஆள் அசைந்தால். இரண்டு பேரும் சேர்ந்து அசைகிற ஷாட் என்றால் இரட்டிப்பு. பாட்டின் வேகத்தை நிமிடத்துக்கு 120 தாளத்தட்டு என்று வைத்தால் ஒரு தாளத்தட்டுக்கு சரியாக 12 பிரேம், 90 என்றால் 16. இப்படிப் பின்னம் இல்லாமல் வருகிற வேகத்தை இசையமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கினால் வரைகிறவனுக்கு உயிர் மிஞ்சும். பாத்திரங்களை வாயசைக்க விடாதீர்கள், பாட்டு பின்னால் ஓடட்டும், வாயசைப்புக்குப் போகிற வேலையை விரல்களுக்கும் கண்களுக்கும் கொடுக்கலாம். பஸ் ஜன்னலுக்கு வெளியே பெண்ணையாறு பாலம், முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் ஒரு நீளமான பின்னணி ஓவியமாக நகர்ந்தாலே பாதிப் பாட்டு நிரம்பிவிடும்.

ஸ்வீட்டை எவ்வளவு காட்டுவது என்று கேட்டீர்கள். நிமிடக் கணக்கு பார்க்க வேண்டாம். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் கதை நடக்குமா நடக்காதா, அதைப் பாருங்கள். உங்கள் கதையில் நடக்காது. அது போதும், தட்டு வரிசை எதுவும் வேண்டாம். மென்பொருளுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை: ஓப்பன்டூன்ஸ் 2016இலிருந்து இலவசம், பிளெண்டரிலும் கோடு வரைந்து அனிமேஷன் செய்யலாம். இப்போது ஆனி மாதம். ஆடி முடிவதற்குள் பாட்டும், பென்சில் படங்களைப் பாட்டோடு கோத்த மாதிரி வடிவமும் கையில் இருந்தால் ஐப்பசிக்குத் தாங்கும், தள்ளிப்போட்டால் தாங்காது.

சரக்கு மாஸ்டர்:

தங்கச்சி, அனிமேஷன் எனக்குத் தெரியாது, அடுப்பு தெரியும். பால்கோவாவை ஒரு வாரம் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒருவன் பஸ்ஸில் சுற்றினால், பார்க்கிற ஜனம் காதலை நினைக்காது, உள்ளே பூசணம் பூத்திருக்குமே என்றுதான் நினைக்கும். கடலூர் வெக்கைக்கு வெளியே வைத்த பால் இனிப்பு மறுநாளே வாடை மாறும். 2020 அக்டோபர் 1 முதல் தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உத்தரவு. நீங்களே அந்தப் பலகையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு விளம்பரம் போடக் கூடாது.

பெட்டிக்குள் அதிரசம் வையுங்கள். ஒரு வாரம் என்ன, அதற்கு மேலும் தாங்கும், சுட்ட அன்றைக்கு இருப்பதை விட மறுநாள்தான் பதமாக இருக்கும். ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை ஈரம் போகாமல் இடித்து, வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டு வந்ததும் மாவைக் கொட்டிக் கிளறி, இரண்டு மூன்று நாள் மூடி வைத்த பிறகுதான் இலையில் தட்டவே முடியும். காத்திருந்து செய்கிற பண்டம், காத்திருக்கிற பையன். இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன வேண்டும்? சட்டியிலிருந்து எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்துவோம் பாருங்கள், ஓரத்தில் எண்ணெய் கசிந்து சொட்டும், நடுவில் லேசாகப் பள்ளம் விழும். அதை வரையச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது நெய்யா டால்டாவா, கிலோ என்ன, இது இரண்டும்தான். அதற்குத் தனியாக ஒரு போஸ்டர் போட்டுக்கொள்ளட்டும்.

அரியாங்குப்பம் பாட்டு:

சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். விளம்பரத்தில் சேர்ப்பதற்கு அந்த ஒலிப்பதிவின் உரிமை வைத்திருப்பவரிடமும், மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை உள்ளவர்களிடமும் அனுமதி வாங்க வேண்டும், நீங்களே வேறு ஆளை வைத்துப் பாட வைத்தாலும் மெட்டும் வரியும் உங்களுடையதாகிவிடாது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் போட்ட வீடியோ யூடியூபில் பண்டிகை நேரத்திலேயே ஒலி முடக்கப்பட்டு ஊமைப்படமாக ஓடியது.

புதிதாகப் பாட்டு போடுங்கள், ஆனால் எழுதி வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் 5 வருடம்தான் என்று வைத்துக்கொள்வார்கள், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். நம் பக்கத்து ஜனங்கள் பிரான்ஸில் எவ்வளவு பேர்! அவர்கள் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு கிலோ வாங்கி வை என்று சொல்ல வேண்டாமா? அதனால் உலகம் முழுவதும் என்று ஒரு வரி சேருங்கள். மெட்டு போடுகிறவருக்கும் எழுதுகிறவருக்கும் பேசிய பணத்தைப் பதிவுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், சின்ன ஊர் என்பதால் ஓசியில் கேட்கிற வழக்கம் எங்களை ரொம்ப வருத்துகிறது.

லோட்டே என்றதும் ஒன்று. அந்தக் குழுமத்தின் கொரியக் கம்பெனி 2004இல் வாங்கியது நம் நெல்லிக்குப்பத்தில் மிட்டாய் போட்டுக்கொண்டிருந்த பாரி கம்பெனியைத்தான். காபி பைட் எல்லாம் அந்த வழியில் வந்ததுதான். 1842இலிருந்து சர்க்கரை ஆலை உள்ள ஊர் அது. மிட்டாய்க்காகக் காதல் பாட்டு செய்ய நம் மாவட்டத்துக்கு எல்லா உரிமையும் உண்டு.

திருப்பாதிரிப்புலியூர்க்காரி:

மாஸ்டர் அண்ணா, அதிரசம்தான், முடிவு செய்துவிட்டேன். அண்ணனிடம் படித்துக் காட்டினேன், விலைப் போஸ்டர் தனி என்றதும் சரி என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க நிமிர்ந்த வடிவத்தில் வேறு வரைய வேண்டுமா?

கோட்டுக்காரன் (புதுச்சேரி):

வேண்டாம். அகலமாகவே வரையலாம், முகம், கை, பெட்டி மூன்றையும் நடுப்பகுதிக்குள் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வெட்டி எடுக்கலாம். பாட்டில் பல்லவி வருகிற இடத்தைத் தனியாக ஒரு 15 நொடித் துண்டாக வெட்டும்படி முதலிலேயே திட்டமிடுங்கள். அப்புறம், உங்கள் கடையில் அதிரசம் சுடும் நாளில் மாஸ்டர் சொன்ன அந்தக் கரண்டி அழுத்துவதை பக்கவாட்டு வெளிச்சத்தில், போனை அசைக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள். எண்ணெய்ச் சொட்டு விழுகிற சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்யுங்கள், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அதைத்தான் தாளமாக வைக்கப்போகிறோம்.